கப்பல் வேலைக்கு தீயணைப்பு கோர்ஸ்: நம்ம கடப்புறத்து பையனுவ தெரிஞ்சிருக்க வேண்டியது

நீரோடி, வள்ளவிளை, தூத்தூர், எல்லைய தாண்டி பொழியூர் வரைக்கும் கப்பல் வேலைக்கு போகணும்னு நினைக்கிற பையனுவ எல்லாரும் கேக்குற ஒரு கேள்வி, "அண்ணா, நான் வருசக்கணக்கா ஆழ்கடலுக்கு போட்டுல போறேன், எனக்கும் அந்த தீயணைப்பு கோர்ஸ் வேணுமா?" வேணும் தம்பி. கப்பல்ல வேலை பாக்குறவங்களுக்கு என்ன பயிற்சி, சர்டிபிகேட் வேணும்னு சொல்ற எஸ்.டி.சி.டபிள்யூ-ங்கிற உலக ஒப்பந்தம் மீன்பிடி போட்டுக்கு பொருந்தாது, அதனால அங்க எத்தன வருசம் ஓடியிருந்தாலும் சரக்கு கப்பல், டேங்கர் வேலைக்கு போறப்ப இந்த கோர்ஸுக்கு பதிலா அத காட்ட முடியாது.

அந்த ஒப்பந்தம் 1978ல போட்டது, 2010ல மணிலாவுல பெருசா திருத்துனாங்க. டெக்கு, எஞ்சின், கிச்சன்னு எதுல சேந்தாலும் உயிர் பிழைக்கிற பயிற்சி, தீத்தடுப்பும் தீயணைப்பும், முதலுதவி, சொந்த பாதுகாப்பும் பொறுப்பும்னு நாலு அடிப்படை கோர்ஸ் முடிக்கணும், இங்க செக்யூரிட்டி கோர்ஸும் கூட கேப்பாங்க. நம்ம நாட்டுல இத கவனிக்கிறது மத்திய அரசோட கப்பல் துறை அலுவலகமான டி.ஜி. ஷிப்பிங், அவங்க அங்கீகாரம் குடுத்த இன்ஸ்டிடியூட் சர்டிபிகேட் தான் செல்லும், அது உங்க இண்டாஸ் நம்பர்ல (கப்பல்காரங்க ஒவ்வொருத்தருக்கும் குடுக்குற அடையாள நம்பர்) பதிவாகணும், சிடிசி-ங்கிற கப்பல்காரங்க புக்கு எடுக்கவும் இது தேவை. களியக்காவிளை பக்கம் உள்ளவங்களுக்கு சென்னைய விட கொச்சி கிட்ட, அங்கயும் இன்ஸ்டிடியூட் இருக்கு.

இதுல தியரி கொஞ்சம் தான், விசயமே பிராக்டிக்கல்ல தான் இருக்கு. முதுகுல காத்து சிலிண்டர், முகத்துல மாஸ்க், வெளிய ஒரு ஆள் பிடிச்சிருக்கிற லைஃப்லைன் கயித்த கட்டிக்கிட்டு புகை நிறைஞ்ச ரூமுக்குள்ள போகணும், கண்ணு ஒண்ணும் தெரியாது, குனிஞ்சு, கால தேச்சு தேச்சு வச்சு, புறங்கையால சுவத்த தடவிக்கிட்டே போகச் சொல்லுவாங்க. உள்ளங்கையால தொட்டா, கரண்ட் வயர் பட்டதும் கை தானா இறுக்கி பிடிச்சிக்கும், அதுக்குத்தான் புறங்கை. சிலிண்டர்ல குறைஞ்சது 1200 லிட்டர் காத்து, 30 நிமிசம்னு கணக்கு, ஆனா பயந்து மூச்சு வாங்குனா அதுக்கு முன்னாடியே தீரும், காத்து தீரப்போகுதுன்னு அலாரம் அடிச்சா பாதி வேலையானாலும் விட்டுட்டு வெளிய வந்துடணும். தப்பிக்கன்னே ஒரு சின்ன மூச்சு செட்டு கப்பல்ல இருக்கும், அது 10 நிமிச கணக்கு, அத மாட்டிக்கிட்டு தீய அணைக்க உள்ள போகவே கூடாது.

எண்ணெய் தீயில தண்ணிய நேரா பீச்சுனா எண்ணெய் தெறிச்சு தீ பரவும், ஃபோம் இல்லன்னா பவுடர், தண்ணின்னா பனி மாதிரி தெளிக்கிற ஃபாக் நாசில், அத கையில பிடிச்சு பழகுனா தான் வரும். எஞ்சின் ரூமுக்கு கார்பன் டை ஆக்சைட் திறக்குறதுக்கு முன்னாடி தல எண்ணணும், ஏன்னா தீய அணைக்கிற அந்த வாயு உள்ள மாட்டுன ஆளையும் கொன்னுடும்.

2025 ஜூன் 9ல கேரளா கடல்ல வான் ஹை 503-ங்கிற கன்டெய்னர் கப்பல் எரிஞ்சத எல்லாரும் பாத்தோம். 22 பேர்ல 18 பேர காப்பாத்துனாங்க, 4 பேர காணல. அதனாலதான் சொல்றேன், ஏஜென்ட் "க்ளாஸுக்கு போக வேண்டாம், பேப்பர் மட்டும் வாங்கி தர்றேன்"னு சொன்னா அந்த ஆளோட பேச்ச அங்கயே நிறுத்துங்க. புகை ரூமுக்குள்ள ஒரு தடவ கூட போகாதவன நம்பி இன்னொருத்தன் லைஃப்லைன் பிடிச்சு நிப்பான் பாருங்க, அவன் வீட்டுலயும் புள்ள இருக்கும்.

சர்டிபிகேட் எடுத்தாச்சுன்னு விட்டுறவும் முடியாது. தீயணைப்புக்கும் உயிர் பிழைக்கிற பயிற்சிக்கும் 5 வருசத்துக்கு ஒருக்க ரிஃப்ரெஷர் செய்யணும், லீவுல ஊருக்கு வரும்போதே தேதிய பாத்து முடிச்சிடுங்க, இல்லன்னா கப்பல்ல ஏறச் சொல்லி ஜாயினிங் வந்த நேரத்துல கொச்சிக்கு ஓடணும். கப்பல்லயும் மாசம் ஒரு ஃபயர் டிரில்லுல ஒவ்வொருத்தரும் கலந்துக்கிடணும்னு சோலாஸ்-ங்கிற உலக கப்பல் பாதுகாப்பு ஒப்பந்தத்துல விதி இருக்கு, தூக்கம் வருதுன்னு கையெழுத்து மட்டும் போட்டுட்டு போகாதீங்க.

கோர்ஸ் ஃபீஸ் வேற, வேலைக்கு காசு வேற. ஆள் எடுக்குற கம்பெனிக்கு, கப்பலுக்கு ஆள் அனுப்ப அரசு குடுக்குற ஆர்.பி.எஸ்.எல். லைசென்ஸ் இருக்கான்னு டி.ஜி. ஷிப்பிங் சைட்லயே தேடலாம், லைசென்ஸ் உள்ளவங்க வேலை வாங்கி குடுக்க உங்ககிட்ட பணம் வாங்கக்கூடாது. நக நட்ட அடகு வைக்கிறதுக்கு முன்னாடி மொதல்ல அந்த கம்பெனி பேர தேடிப் பாருங்க.