ஒரே மிடற்றில் இரண்டு குரல்

ஜெர்மனியின் வடபகுதியில், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில், ஏறத்தாழ 2,000 பேர் வாழும் வாக்கன் என்ற சிற்றூர் இருக்கிறது. 1990-இல் சில நூறு பேர் கூடிய கச்சேரியாக அங்கே தொடங்கிய ஹெவி மெட்டல் இசைத் திருவிழா, இன்று ஒவ்வொரு கோடையிலும் 80,000-க்கும் மேற்பட்டவர்களை வரவழைக்கிறது. மழை பெய்துவிட்டால் அத்தனை பேரும் முழங்கால் சேற்றில் நின்றுதான் கேட்கிறார்கள். எந்தெந்தக் குழுக்கள் மேடையேறும் என்ற பட்டியல் வெளியாகும்போதெல்லாம் ரசிகர்களுக்குள் ஒரு பழைய வழக்கு மீண்டும் எழுகிறது. அயர்ன் மெய்டனின் புரூஸ் டிக்கின்சன், ஜூடாஸ் பிரீஸ்டின் ராப் ஹால்ஃபோர்ட் போலச் சுருதி தெளிவாகக் கேட்கும்படி பாடுபவர்களுக்கு மேடை கூடுதலாக வேண்டும் என்பது ஒரு கட்சி. கேனிபல் கார்ப்ஸின் ஜார்ஜ் ஃபிஷரைப் போல அடித்தொண்டையிலிருந்து உறுமுபவர்கள்தாம் இந்த இசையின் உயிர் என்பது மற்றொரு கட்சி. முதல் வகையைக் 'கிளீன்' என்றும், இரண்டாம் வகையை 'ஹார்ஷ்' என்றும் அவர்கள் சொல்கிறார்கள்.

இந்த வழக்கில் அடிக்கடி கேட்கும் வாதம், ஹார்ஷ் குரல் பாட்டே அல்ல, வெறும் கத்தல் என்பதாகும். ரசனையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் மறுக்க முடியாது. ஆனால் இது ரசனையைப் பற்றிய கூற்று அல்ல, தொண்டைக்குள் நடப்பதைப் பற்றிய கூற்று. ஆகவே அதைச் சரிபார்க்க முடியும்.

தெளிந்த குரலிலிருந்து தொடங்குவோம். குரல்வளைக்குள் இரண்டு குரல்நாண்கள் உள்ளன. நாண் என்று பெயர் இருந்தாலும் அவை வீணையின் தந்தியைப் போன்றவை அல்ல. ஈரமான சளிப்படலம் போர்த்திய தசை மடிப்புகள், பெரியவர்களிடம் ஏறத்தாழ ஒன்றேகால் முதல் இரண்டரை சென்டிமீட்டர் வரை நீளமுள்ளவை. நுரையீரலிலிருந்து வரும் காற்று, மூடியிருக்கும் இந்த மடிப்புகளைக் கீழிருந்து தள்ளித் திறக்கிறது. திறந்த இடுக்கில் காற்று விரைந்து பாயும்போது அங்கே அழுத்தம் குறைவதாலும், மடிப்புகளுக்கு இயல்பாக உள்ள மீள்தன்மையாலும் அவை மீண்டும் வந்து மூடிக்கொள்கின்றன. ஒவ்வொரு அதிர்வுக்கும் மூளை தனித்தனியே கட்டளையிடுவதில்லை; காற்றும் திசுவும் தமக்குள் நடத்தும் இந்த ஊசலாட்டத்தை டச்சு ஆய்வாளர் யான்வில்லம் வான் டென் பெர்க் 1958-இல் தெளிவாக விளக்கினார். பேசும்போது ஆண்குரலில் இது வினாடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 முறை நிகழ்கிறது, பெண்குரலில் 200 முறையை ஒட்டி நிகழ்கிறது. ஹால்ஃபோர்ட் உச்ச ஸ்தாயியில் கீச்சிடும்போது பல நூறு முறை நிகழ்கிறது. ஒவ்வொரு சுற்றும் முந்தையதைப் போலவே அமைவதால்தான் நம் காதுக்கு ஒரு சுருதி கிடைக்கிறது. கிளீன் என்ற சொல்லுக்கு இயற்பியல் தரக்கூடிய பொருள் இந்த ஒழுங்குதான்.

இந்த மடிப்புகளுக்குச் சற்று மேலே, சிறிய இடைவெளி விட்டு, இன்னொரு இணை மடிப்புகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பொய்க் குரல்நாண்கள் என்று பெயர். பேச்சில் அவற்றுக்கு வேலை ஏதுமில்லை. விழுங்கும்போது உணவு மூச்சுக்குழாயில் இறங்காமல் தடுப்பதற்கும், இருமுவதற்கு முன் காற்றை அடைத்து வைப்பதற்கும் அவை உதவுகின்றன. கனமான மூட்டையைத் தூக்கும்போது மூச்சை அடக்கி முக்குகிறோமே, அப்போது தொண்டைக்குள் இறுகி மூடுபவற்றில் அவையும் அடங்கும். ஹார்ஷ் குரலில் பயிற்சி பெற்ற பாடகர், பிறரிடம் வாசல்காவலராக மட்டும் இருக்கும் இந்தத் திசுவை அளவாக நெருக்கிக் கொண்டுவந்து காற்றில் அதிரவிடுகிறார். பொய்க் குரல்நாண்கள் தடித்தவை, மென்மையானவை, தளர்வானவை. எனவே அவை மெதுவாகவே அதிரும்.

மெட்டல் பாடகர்கள்தாம் இதைக் கண்டுபிடித்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. தென் சைபீரியாவின் துவா மக்களிடமும் மங்கோலியர்களிடமும் 'கர்கிரா' என்ற அடிக்குரல் பாட்டு மரபு உண்டு. அத்தகைய மங்கோலியப் பாட்டை ஸ்வீடன் ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் படம்பிடித்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், உண்மைக் குரல்நாண்கள் இரண்டு முறை அதிரும் நேரத்தில் பொய்க் குரல்நாண்கள் ஒரு முறை அதிர்வது தெரிந்தது. அதிர்வெண் பாதியாகும்போது நம் காது கேட்பது ஒரு ஸ்தாயி கீழே இறங்கிய ஒலி. 130 ஹெர்ட்ஸில் பாடுபவரின் தொண்டையிலிருந்து 65 ஹெர்ட்ஸ் கிளம்புவதன் மருமம் இதுதான்.

மெட்டல் உறுமல் இவ்வளவு கணக்கு சுத்தமானதல்ல. அதில் பொய்க் குரல்நாண்களோடு, குரல்வளை மூடியையும் பின்புறக் குருத்தெலும்புகளையும் இணைக்கும் பக்கவாட்டு மடிப்புகளும் சேர்ந்து துடிக்கின்றன. ஒன்றின் தாளம் மற்றொன்றோடு சில கணம் ஒத்துப்போகிறது, சில கணம் விலகிப்போகிறது. ஓபரா பயிற்சி பெற்ற எலிசபெத் சாரோஃப், அமெரிக்காவின் லோர்னா ஷோர் குழுவைச் சேர்ந்த வில் ராமோஸின் தொண்டைக்குள் மருத்துவக் கேமராவைச் செலுத்தவைத்துப் பதிவு செய்த காட்சிகளைப் பார்த்தவர்களுக்கு, குரல்வளையின் மேற்பகுதி முழுவதுமே ஓர் இசைக்கருவியாக மாறிவிடுவது நினைவிருக்கும். ரசிகர்களும் குரல் ஆசிரியர்களும் இந்த உத்திகளை 'ஃபால்ஸ் கார்ட்' என்றும் 'ஃப்ரை' என்றும் இரண்டாகப் பிரிப்பது வழக்கம். முன்னது பொய்க் குரல்நாண்களை நம்பிய தடித்த உறுமல். பின்னது, காலையில் எழுந்தவுடன் வரும் கரகரத்த குரலைப் போல உண்மைக் குரல்நாண்களைத் தளர்த்தி ஒழுங்கின்றித் துடிக்கவிடுவதில் தொடங்கும் கூரிய அலறல். பெரும்பாலும் பாடகர் தம் தொண்டையில் எதை உணர்கிறார் என்பதை வைத்து எழுந்த பெயர்கள் இவை என்பதால், உடற்கூற்று வரைபடமாக இவற்றை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து.

கத்தலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. கோபத்தில் கத்துபவர் உண்மைக் குரல்நாண்களை இறுக்கி, காற்றழுத்தத்தைக் கூட்டி, அவற்றை ஒன்றோடொன்று மோதவிடுகிறார். மறுநாள் தொண்டை கட்டிக்கொள்கிறது. தேர்ந்த உறுமலில் உராய்வின் பெரும்பகுதி மேலே உள்ள தடித்த திசுவுக்கு மாற்றப்படுகிறது. பக்கத்தில் நின்று கேட்டால் அந்தக் குரல் நாம் எதிர்பார்ப்பதைவிட எவ்வளவோ சிறியதாக இருக்கும். அதைப் பூதாகரமாக்குவது மைக்தான். இதைக் கற்காமல் பாவனை செய்பவர் தொண்டையைக் கெடுத்துக்கொள்வார் என்பது உண்மை. ஆனால் உச்ச ஸ்தாயியில் கிளீனாகப் பாட முயலும் பயிற்சியற்றவருக்கும் அதே கதிதான்.

இந்தக் கரகரப்பு ஏன் மெட்டல் இசையோடு இவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது என்ற கேள்விக்கு விடை கிட்டாரில் இருக்கிறது. மெட்டல் கிட்டாரின் 'பவர் கார்ட்' என்பது ஒரு சுரத்தையும் அதன் பஞ்சமத்தையும் சேர்த்து மீட்டுவது. 110 ஹெர்ட்ஸும் 165 ஹெர்ட்ஸும் கொண்ட இணை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒலி அலையின் முகட்டை வெட்டிச் சிதைக்கும் டிஸ்டார்ஷன் வழியாக இதைச் செலுத்தினால், இரண்டின் வேறுபாடான 55 ஹெர்ட்ஸும் புதிதாகப் பிறக்கிறது. அது 110-க்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே உள்ளது. எந்தத் தந்தியும் அதை மீட்டவில்லை. கர்கிராவில் பொய்க் குரல்நாண்கள் செய்வதும், உறுமல் அவ்வப்போது எட்டிப்பிடிப்பதும், வேறு வழியில் வந்து சேர்ந்த இதே விளைவுதான். கிட்டாரும் குரலும் ஒரே இருட்டு அறையிலிருந்து ஒலிப்பதாக நமக்குத் தோன்றுவது வெறும் மயக்கமல்ல.

கேட்பவர் பக்கம் வருவோம். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டேவிட் பாப்பலும் லூக் அர்னாலும் தம் குழுவினரோடு 2015-இல் வெளியிட்ட ஆய்வு, மனித அலறலைச் சாதாரணப் பேச்சிலிருந்து பிரித்துக்காட்டியது. பேச்சின் ஒலியளவு அசை அசையாக, வினாடிக்கு நான்கைந்து முறை ஏறி இறங்குகிறது. அலறலில் அந்த ஏற்ற இறக்கம் வினாடிக்கு 30 முதல் 150 முறை வரை நடக்கிறது. அவ்வளவு விரைவான ஏற்ற இறக்கத்தைக் காது தனித்தனியாக எண்ணுவதில்லை, சொரசொரப்பாக உணர்கிறது. அந்தச் சொரசொரப்பு மிகும்போது, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப்பகுதி கூடுதலாகத் தூண்டப்படுவதையும் அவர்கள் கண்டார்கள். கார் அலாரத்தின் ஒலி, கைக்குழந்தையின் வீறிட்ட அழுகை ஆகியவற்றுக்கு நாம் உடனே திரும்பிப் பார்ப்பதும் இந்தத் தன்மையால்தான். பழக்கமில்லாதவர் உறுமலைக் கேட்டு முகம் சுளிப்பதற்கு அவர் ரசனையற்றவர் என்பது காரணமல்ல. அவருடைய எச்சரிக்கை மணி சரியாக வேலை செய்கிறது, அவ்வளவே.

வியப்பு என்னவென்றால், பழகிய காதில் அந்த மணி வேறு விதமாக ஒலிக்கிறது. ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் வில்லியம் தாம்சன் குழுவினர் நடத்திய ஆய்வுகளில், உறுமலையே முதன்மையாகக் கொண்ட டெத் மெட்டல் வகையின் ரசிகர்கள் அந்த இசையைக் கேட்கும்போது தமக்கு உண்டாவதாகச் சொன்னது மகிழ்ச்சியும் நிறைவும். ரசிகரல்லாதவர்கள் சொன்னது பதற்றமும் கோபமும். 2018-இல் வெளியான மற்றொரு ஆய்வு, உறுமலில் பாடப்படும் சொற்களை ரசிகர்கள் மற்றவர்களைவிட நன்றாக விளங்கிக்கொள்கிறார்கள் என்று காட்டியது. ‘ஒரு சொல்லும் புரியவில்லை’ என்ற குற்றச்சாட்டுக்கு இது பாதிப் பதில். சுருதி கலைந்தாலும் வாயின் வடிவம் கலைவதில்லை; ஆ, ஈ, ஊ என்ற உயிரொலிகளை வேறுபடுத்தும் ஒத்ததிர்வுகள் நாக்கும் உதடும் அமைக்கும் குழிவிலிருந்து வருபவை, அவை உறுமலிலும் அப்படியே இருக்கின்றன. ஆனால் முழுத் தொண்டையும் இரைச்சலை உண்டாக்கும்போது 'படம்' என்பதில் வரும் 'ப'-வுக்கும் 'கம்பம்' என்பதில் அதிர்ந்து வரும் 'ப'-வுக்கும் உள்ள வேறுபாடு மங்கிவிடுகிறது, கேட்பவர் அனுபவத்தைக் கொண்டு அதை நிரப்ப வேண்டியிருக்கிறது.

பாடகர் குரல்வளையைக் கீழே இறக்கி, உதடுகளைக் குவித்துத் தொண்டைக்குழாயை நீட்டினால், அந்த ஒத்ததிர்வுகள் எல்லாம் ஒருசேரத் தாழ்ந்து, ஒலிப்பவர் பேருருவம் கொண்டவர் என்ற எண்ணத்தை உண்டாக்கும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் செம்மான்கள் குரல்வளையை இறக்கி முழங்குவதும் இந்த உத்தியே. 2000-இல் ஆர்ச் எனமி குழுவில் சேர்ந்த ஏஞ்சலா கோசோவை ஒலித்தட்டில் மட்டும் கேட்டவர்கள் ஆணென்று கருதியதற்கும் இதில் விளக்கம் உண்டு: குரல்நாணின் நீளம் சுருதியைத் தீர்மானிக்கும் அளவுக்கு உறுமலைத் தீர்மானிப்பதில்லை.

திறந்தவெளி மேடைக்கு இந்த இரு குரல்களும் வெவ்வேறு விதமாக ஈடுகொடுக்கின்றன என்பதால், பட்டியலைப் பற்றிய வழக்கில் கிளீன் கட்சிக்கு நான் ஒப்புக்கொள்ளும் ஒரு நியாயம் உண்டு. ஓபரா பாடகரின் குரலில் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஆற்றல் திரள்வதால்தான் அவர் இசைக்குழுவைத் தாண்டிக் கேட்கிறார் என்று ஸ்வீடனின் யோஹான் சுண்ட்பெரி காட்டினார். நைட்விஷ் குழுவின் முதல் பாடகி தார்யா துருனென் அந்தப் பயிற்சியோடு வந்தவர். உறுமலின் ஆற்றலோ அகன்ற இரைச்சலாகப் பரவி, டிஸ்டார்ஷன் கிட்டார்கள் குடியிருக்கும் நடு அலைவரிசையிலேயே போய் விழுகிறது; இரண்டும் ஒன்றையொன்று மறைக்கின்றன. மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்திக்கொள்ளும் பாடகர்கள் நிலைமையை மோசமாக்குகிறார்கள். முன்னாலிருந்து வருவதை மட்டும் வாங்குவதற்கென்று மைக்கின் பின்புறம் விடப்பட்ட துளைகளைக் கை அடைத்துவிடுவதால், அது எல்லாத் திசைகளிலிருந்தும் ஒலியை வாங்கி, ஒலிபெருக்கியோடு சேர்ந்து ஊளையிடத் தொடங்கும். மேடையிலிருந்து 200 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு, மெய்யொலிகளைத் தாங்கும் உயர் அதிர்வெண்களைக் காற்று தின்றுவிடுகிறது. கிளீன் பாடகரின் சொற்களும் அங்கே சிதைகின்றன. ஆனால் மெட்டு தப்பிவிடுகிறது. கூட்டம் சேர்ந்து பாடுவதற்கு அது போதும்.

உறுமலோடு கூட்டம் சேர்ந்து பாடுவதில்லை என்பதற்காகச் சும்மா நிற்பதும் இல்லை. ஸ்வீடனின் அமோன் அமார்த் குழுவில் யோஹான் ஹெக் உறுமும்போது ஆயிரக்கணக்கானோர் தரையில் வரிசையாக அமர்ந்து, கண்ணுக்குத் தெரியாத வைக்கிங் படகில் துடுப்புப் போடுகிறார்கள். மெட்டு இல்லாத இடத்தைத் தாளம் எடுத்துக்கொள்கிறது.

இரு கட்சிகளையும் ஒரே மேடையில் வைத்துப் பார்க்க வேண்டுமானால் ஒப்பெத் குழுவின் மிக்கேல் ஓகெர்ஃபெல்ட்டைக் கவனிக்கலாம். 2008-க்குப் பின் வந்த நான்கு ஆல்பங்களில் அவர் உறுமலைக் கைவிட்டு, 2024-இல்தான் மீண்டும் எடுத்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் ரசிகர்கள் அடித்துக்கொண்ட சண்டை சாதாரணமானதல்ல. உக்ரைனின் ஜிஞ்சர் குழுவைச் சேர்ந்த தாத்தியானா ஷ்மைலியுக், ஒரே வரிக்குள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறார். உறுமலிலிருந்து கிளீனுக்கு வர, நெருங்கியிருந்த பொய்க் குரல்நாண்களை முழுமையாக விலக்கி, உண்மைக் குரல்நாண்களைச் சரியான இழுவிசைக்குக் கொண்டுவந்து, முதல் அதிர்விலேயே சுருதியில் நிற்க வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரம் ஒரு மூச்சுக்கும் குறைவு. எதிரே ஒலிக்கட்டுப்பாட்டு மேசையில் இருப்பவருக்கும் அது சிக்கலான வேலைதான். ஒரே மைக்கிலிருந்து வரும் கம்பியை இரண்டு தடங்களாகப் பிரித்து, கிளீனுக்குக் கொஞ்சம் எதிரொலி சேர்த்தும், உறுமலுக்கு அதை எடுத்துவிட்டு நடு அலைவரிசையைச் செதுக்கியும் வைத்திருக்கும் பொறியாளர்கள் உண்டு. பாடகரின் தொண்டை மாறும் அதே கணத்தில் அவர்களுடைய விரல்களும் ஒரு தடத்தை இறக்கி மற்றதை ஏற்றுகின்றன.