நாசிக் ஒயின் ஆலைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஜனவரி பிறந்தால் போதும், ஊரிலிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். "மும்பை வரைக்கும் வருகிறோம், அப்படியே நாசிக் போய் ஒயின் ஆலை பார்த்துவிட்டு வரலாமா? எங்கே போகலாம்?" என்று கேட்பார்கள். நாசிக்கைச் சுற்றியுள்ள சிறு ஆலைகளுக்கு ஒயின் தயாரிப்பு ஆலோசகராக இருக்கிறேன். எந்தத் தோட்டத்துத் திராட்சையை எந்த நாளில் வெட்டலாம் என்பதில் தொடங்கி, பாட்டிலில் அடைக்கும் வரை கூடவே இருப்பது என் வேலை. கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: பெரிய ஆலைக்குத் தாராளமாகப் போங்கள், அங்கே எல்லா வசதியும் இருக்கிறது. அதோடு ஒரு சின்ன ஆலைக்கும் போங்கள். ஒயின் குடிக்கிறவராக இருந்தால் பாட்டிலை அங்கேயே வாங்குங்கள். இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று சொல்கிறேன்.

நாசிக் பழைய திராட்சை ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 600 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் இரவு நன்றாகக் குளிரும், பகலில் வெயில் தாராளமாக அடிக்கும். சாப்பிடும் திராட்சையை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தே இங்கே பல குடும்பங்கள் முன்னுக்கு வந்தன. ராஜீவ் சாமந்த் தொடங்கிய சூலா ஒயின் நிறுவனம் 2000-இல் தன் முதல் ஒயினை வெளியிட்டது. 2001-இல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று ஒரு கொள்கை கொண்டுவந்தது; நாசிக் மாவட்டத்து விஞ்சூரில் ஒயின் ஆலைகளுக்கென்று ஒரு தொழிற்பூங்கா அமைந்தது. அந்த நம்பிக்கையில் திராட்சை விவசாயிகளே கடன் வாங்கி ஆலை கட்டினார்கள். 2008 கடைசியில் உலகப் பொருளாதாரச் சரிவும் மும்பைத் தாக்குதலும் சேர்ந்து ஹோட்டல் வியாபாரத்தைப் படுக்கவைத்தபோது, ஒயின் தொட்டிகளிலேயே தேங்கியது. அடுத்த அறுவடைக்குத் திராட்சை வாங்க ஆலைகளிடம் பணம் இல்லை. விவசாயிகள் பலர் ஒயின் கொடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சாப்பிடும் திராட்சைக்கே திரும்பிவிட்டார்கள். இன்றைக்கும் ஒரு சின்ன ஆலைக்காரர் புதிதாக ஒரு விவசாயியிடம் ஒப்பந்தம் பேசப் போனால், அந்த வருடங்களின் பேச்சு வராமல் இருக்காது.

சின்ன ஆலைகளில் நல்ல ஒயின் செய்யத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சம் இல்லை. பணம் போகிற மாதத்துக்கும் திரும்பி வருகிற மாதத்துக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் அவர்களைத் தடுமாற வைக்கிறது. நாசிக்கில் கொடியை வருடத்துக்கு இரண்டு முறை கவாத்து செய்வார்கள், அதாவது கிளைகளை வெட்டிவிடுவார்கள்; ஏப்ரல் வாக்கில் ஒன்று, மழை ஓய்ந்த பிறகு அக்டோபர் வாக்கில் ஒன்று. பலன் எடுப்பது இரண்டாவதற்குப் பிறகு மட்டும்தான். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை வருடம் பூராவும் ஏதாவது ஒரு தோட்டத்தில் வெட்டுக்குத் தயாராக இருக்கும். இங்கே அது நடக்காது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை வருவதுதான் அந்த ஆண்டின் மொத்த ஒயினும். திராட்சைக்குப் பணம், வெட்டும் ஆட்களுக்குக் கூலி, வெளிநாட்டிலிருந்து வரும் ஈஸ்ட், ஜெனரேட்டருக்கு டீசல் எல்லாம் அந்த மூன்று மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

கொடுத்த பணம் திரும்பி வரும் வேகத்தைப் பாருங்கள். ஒரு டன் திராட்சையில் சுமார் 600 முதல் 700 லிட்டர் ஒயின் கிடைக்கும், அதாவது 800 அல்லது 900 பாட்டில். செனின் பிளாங்க், சோவினியன் பிளாங்க் மாதிரி வெள்ளை ஒயின்கள் அதே ஆண்டில் விற்பனைக்குப் போய்விடும். ஷிராஸ், கேபர்னே சோவினியன் போன்ற சிவப்பு ஒயின்களை ஓக் மரப் பீப்பாயில் ஒரு வருடமோ அதற்கு மேலோ வைக்க வேண்டும். 225 லிட்டர் பிடிக்கும் பிரெஞ்சு ஓக் பீப்பாயின் விலையைக் கேட்டால் தலை சுற்றும், நாலைந்து வருடத்தில் அது தன் வாசனையையும் இழந்துவிடும். புதிதாகக் கொடி நட்டால் மூன்றாம் வருடம்தான் சொல்லிக்கொள்ளும்படி காய்க்கும். வங்கி வட்டியோ மாதா மாதம் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு மார்ச் மாத இரவைச் சொல்கிறேன். சோவினியன் பிளாங்க் நொதித்துக்கொண்டிருந்தது. மூவாயிரம் லிட்டர் தொட்டி, அந்த ஆலையில் அந்த ரகத்துக்கு இருந்தது அது ஒன்றுதான். வெள்ளை ஒயினை 14, 15 டிகிரியில் நிதானமாக நொதிக்க விட வேண்டும். நொதித்தல் தானே சூட்டைக் கிளப்பும், அதனால் தொட்டியைச் சுற்றிக் குளிர்ந்த திரவம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டர் ஓடியது, ஆனால் அந்தத் திரவத்தைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரத்தின் பளுவை இழுக்க முடியாமல் மூச்சு வாங்கியது. ஆலைக்காரர் டார்ச்சைத் தொட்டியின் வெப்பமானி மேல் பிடித்துக்கொண்டு நின்றார். 16, 17, 19 என்று ஏறியது. அவரும் மனைவியும் மகனுமாகச் சாக்குகளை நனைத்துத் தொட்டியில் சுற்றி, விடிய விடிய ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விட்டார்கள். விடிகாலையில் மின்சாரம் வந்தது. ஒயின் கெட்டுப்போகவில்லை. ஆனால் மூக்கருகே கொண்டுபோனதும் எழ வேண்டிய அந்தக் கொய்யா வாசனை பாதிதான் மிஞ்சியிருந்தது. பெரிய ஆலையாக இருந்தால் அதே ரகத்தில் இன்னும் பத்துத் தொட்டி இருக்கும், கலந்து சரிக்கட்டிவிடலாம். இவருக்கு அந்த ஆண்டின் சோவினியன் பிளாங்க் முழுதும் அதுதான். நாலாயிரம் பாட்டில், அப்படியேதான் விற்றாக வேண்டும்.

இனி விற்பனைக்கு வருவோம். நான் பார்த்த வரையில் பெரிய அடி இங்கேதான்.

மது அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் இருப்பதால், அதாவது அதற்கான சட்டமும் வரியும் அந்தந்த மாநிலத்தின் கையில் இருப்பதால், மாநில எல்லை ஒவ்வொன்றும் ஒயின் பாட்டிலுக்கு ஒரு நாட்டு எல்லை மாதிரி. புனேயில் விற்கும் அதே பாட்டிலைப் பெங்களூருவில் விற்க வேண்டுமென்றால் அங்கே லேபிளைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். லட்சம் பெட்டி விற்பவருக்கு அந்தக் கட்டணம் ஒரு பெட்டிக்குச் சில பைசா. இருநூறு பெட்டி விற்பவருக்கு அதுவே லாபம் முழுவதையும் தின்றுவிடும். நாலு ரகம் செய்தால் நாலு லேபிள், நாலு கட்டணம். நல்ல ஒயின் கைவசம் இருந்தும் பக்கத்து மாநிலத்துக்குப் போகாமல் இருக்கிற ஆலைகள் இங்கே நிறைய. தமிழ்நாட்டில் இவர்களுடைய பாட்டில் உங்கள் கண்ணில் படாததற்கு இதுவும் ஒரு காரணம்.

குடிக்கும் மது ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கிறது. மற்றத் தொழில்களில் மூலப்பொருளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம். ஒயின் ஆலை பாட்டிலுக்கும் மூடிக்கும் அட்டைப்பெட்டிக்கும் இயந்திரத்துக்கும் கட்டிய வரி கட்டியதுதான், திரும்பாது. அப்புறம் கண்ணாடி பாட்டில். தொழிற்சாலைக்காரர்கள் லாரி லோடு கணக்கில்தான் கொடுப்பார்கள். சின்ன ஆலைக்கு அது இரண்டு வருடச் சரக்கு. மொத்தமாக வாங்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் இடைத்தரகரிடம் அதிக விலைக்கு வாங்க வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் உள்ளூர்த் திராட்சையில் செய்த ஒயினுக்கு 20 சதவீத வாட் வரியில் 16 சதவீதத்தை ஆலைக்குத் திருப்பித் தரும் ஊக்கத்திட்டம் உண்டு. அது உண்மையான உதவி. ஆனால் கோவிட் காலத்தில் அந்தப் பணம் நின்றது. சின்ன ஆலைகள் அதை நம்பிக் கடன் வாங்கியிருந்தன. 2024 ஜனவரியில் திட்டத்தை ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டித்தார்கள். 2022 ஜனவரியில் சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒயின் விற்கலாம் என்று மாநில அமைச்சரவை முடிவெடுத்தது. எதிர்ப்பு கிளம்பியது, விஷயம் அப்படியே நின்றது. எதிர்த்தவர்களின் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன், மது எளிதில் கிடைத்தால் குடும்பங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஆலைகளின் தேவையும் பொய்யில்லை. அதே 2022 டிசம்பர் முதல் ஆஸ்திரேலிய ஒயினுக்கு 150 சதவீத இறக்குமதி வரி, ஓரளவு விலையுள்ள பாட்டில்களுக்குப் படிப்படியாகக் குறைந்து வருகிறது. ஹோட்டல் மெனுவில் அந்தப் பாட்டிலும் நாசிக் பாட்டிலும் பக்கத்துப் பக்கத்து விலையில் நின்றால் விருந்தினர் எதை எடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

விநியோகஸ்தர் சரக்கை எடுத்தாலும் பணம் உடனே வராது. நாலு மாதம், ஆறு மாதம் இழுப்பது இங்கே சாதாரணம். சரக்கு எங்கே இருக்கிறது என்பது அடுத்த கவலை. மே மாத வெயிலில் தகரக் கூரைக் கிடங்கில் இரண்டு வாரம் கிடந்த ஒயின் வெந்துவிடும். கார்க் லேசாக மேலே தள்ளியிருக்கும், லேபிளில் கசிவுக் கறை இருக்கும், குடித்தால் பழ வாசனை போய் வேகவைத்த ஜாம் வாசனை வரும். வாங்கியவர் "இந்திய ஒயின் இவ்வளவுதான்" என்று முடிவு கட்டிவிடுவார். ஆலையிலிருந்து கிளம்பும்போது அது அப்படி இல்லை என்று அவரிடம் போய்ச் சொல்ல ஆள் கிடையாது. மது விளம்பரத்துக்குத் தடை இருக்கிறது. சோடா மாதிரி வேறு பொருளின் பெயரில் விளம்பரம் செய்யும் வசதி பெரிய நிறுவனங்களுக்குத்தான்.

ஆக, சின்ன ஆலைக்கு அன்றன்றே முழுப் பணமும் கைக்கு வரும் ஒரே இடம், ஆலை வாசலில் இருக்கும் அந்தச் சுவை பார்க்கும் மேசை. அங்கே விற்கும் பாட்டிலில் விநியோகஸ்தர் பங்கு இல்லை, கடன் இல்லை, வெயிலில் கிடந்த கதை இல்லை. சனி, ஞாயிறு அந்த மேசையில் வரும் காசில்தான் திங்கட்கிழமை கூலி கொடுக்கிறார்கள். போனால் அங்கேயே வாங்குங்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

போவதற்கு முந்தின நாள் ஒரு போன் செய்துவிடுங்கள். பல இடங்களில் சுற்றிக் காட்டுபவரும் தொட்டி கழுவுபவரும் ஒரே ஆள். முடிந்தால் வாரநாளில் போங்கள், ஆலைக்காரரே உட்கார்ந்து பேசுவார். நாலைந்து ஒயினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் காட்டுவதற்கு ஒரு கட்டணம் வாங்குவார்கள், அதில் பேரம் பேசாதீர்கள். மூன்று பேர் சுவை பார்க்க ஒரு பாட்டில் திறந்தால் மிச்சம் இரண்டு நாளில் வீண்தான். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள், பக்கத்தில் இருப்பவருக்கும் சேர்த்து மூக்கு அடைபட்டுவிடும். மேசையில் இருக்கும் வாளி துப்புவதற்குத்தான், தாராளமாகத் துப்பலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம்.

தோட்டத்தில் படம் எடுத்த பிறகு தொட்டி அறையையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அறுவடைக் காலத்தில் போனால் ஒரு எச்சரிக்கை: நொதிக்கும் தொட்டியின் வாய்க்குள் தலையை நீட்டாதீர்கள், குழந்தைகளைத் தூக்கிக் காட்டாதீர்கள். அங்கே தங்கியிருப்பது கரியமில வாயு. இரண்டு மூச்சில் மயக்கம் வந்துவிடும், தொழிலாளர்கள் உயிரையே பறித்திருக்கிறது. கொடியில் தொங்கும் திராட்சையையும் பறித்து வாயில் போடாதீர்கள். சாம்பல் நோய்க்கும் அடிச்சாம்பல் நோய்க்கும் மருந்து அடித்திருப்பார்கள், எந்த வரிசைக்கு எப்போது அடித்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.

ஒயின் இதயத்துக்கு நல்லது என்று மேசையில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்தத் தொழிலில் சோறு சாப்பிடுகிற நானே சொல்கிறேன். 12 சதவீதமுள்ள 150 மில்லி ஒயினில் சுமார் 14 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 45 மில்லி விஸ்கியில் இருப்பதும் ஏறக்குறைய அதே அளவுதான். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. குடிக்காதவர் இதற்காகத் தொடங்க வேண்டாம். குடிக்காமலேயே ஆலையைச் சுற்றிப் பார்க்கலாம், பல இடங்களில் சாப்பாடும் நன்றாக இருக்கும். கர்ப்பிணிகள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சுவைகூடப் பார்க்க வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் லேபிளில் சல்ஃபைட் (ஒயின் கெடாமல் இருக்கச் சேர்ப்பது, சிலருக்கு மூச்சுத்திணறலைக் கிளப்பும்) என்று இருக்கிறதா பாருங்கள். வண்டி ஓட்டுபவர் ஒரு சொட்டும் தொடக் கூடாது. ஆலைகள் பலவும் ஊருக்கு வெளியே இருக்கின்றன, திரும்பி வர டாக்சி கிடைப்பது கஷ்டம், அதனால் ஓட்டுநரோடு வண்டி பேசிக்கொண்டு போவதே சரி.

வாங்கிய பாட்டிலுக்கு ரசீது கேட்டு வாங்கி, ஊர் சேரும் வரை பத்திரமாக வையுங்கள். ஒருவர் எத்தனை பாட்டில் கொண்டுபோகலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், உங்கள் மாநில விதியைக் கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நாசிக் வருகிறவர்கள் பலர் அப்படியே சாபுதாரா மலைக்கும் போகிறார்கள். அது குஜராத், மதுவிலக்கு உள்ள மாநிலம்; எல்லைச் சாவடியில் சீல் பிரிக்காத பாட்டில் இருந்தாலும் வழக்குதான். அந்தப் பக்கம் போவதாக இருந்தால் முதலில் சாபுதாராவைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் ஆலைக்கு வாருங்கள். வாங்கிய பாட்டிலை நிறுத்திய காரில் வெயிலில் விட்டுவிடாதீர்கள். விடுதி அறைக்கு எடுத்துப்போய், கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்தாலும் போதும்.