பெயர் மாறிய குதிரைகளும் பெயரால் புண்படும் மனிதர்களும்

குமரி மாவட்டத்தில் குதிரைகள் சொற்பம். விடுமுறை நாட்களில் கடற்கரையில் சவாரிக்கு நிற்பவை, திருமண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகிறவை, ஆசைக்கு வளர்க்கப்படுபவை, அவ்வளவுதான். கால்நடை மருத்துவராக, சிகிச்சைச் சீட்டு எழுதும்போது நான் முதலில் கேட்பது குதிரையின் பெயரை. வரும் பதில்களில் சில, எழுதவே கை கூசுபவை.

லாடம் அடித்தபோது ஆணி ஏறிய காயத்தோடு ஒரு பெண்குதிரையைக் கொண்டுவந்தார்கள். பெயர் கேட்டதும் உரிமையாளர் ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார். கூட வந்த இளைஞர் சிரித்தார். வேலித் தகராறு நடக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி பெயராம் அது. அந்தப் பெயரைச் சொல்லி அதட்டுவதும் அடிப்பதும் அந்தப் பெண்ணின் காதில் விழும்படி தினமும் நடக்கிறது. டெட்டனஸ் ஊசியை உடனே போட்டேன். குதிரைகளுக்கு டெட்டனஸ் என்கிற இரணஜன்னி எளிதில் வரும், தாமதிக்க முடியாது. ஆனால் வேறு பெயர் சொல்லும்வரை சீட்டை எழுதித் தரவில்லை.

சாதியைக் குத்திக்காட்டும் பெயர்களையும், கறுப்பு நிறத்தையும் ஊனத்தையும் பழிக்கும் பெயர்களையும் கேட்டிருக்கிறேன். மார்பை மறைக்கும் தோள்சீலை உரிமைக்காகப் பெண்கள் போராடி, 1859-இல் திருவிதாங்கூர் அரசின் ஆணையைப் பெற்ற மண் இது. ஒடுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகை கட்டச் சொன்ன அய்யா வைகுண்டர், சாமித்தோப்பு திருவிழாவின் எட்டாம் நாளில் கலி என்னும் தீமையை வேட்டையாடும் கலிவேட்டைக்குக் குதிரை வாகனத்தில் எழுந்தருளுகிறார். இங்கே ஒரு குதிரையை வைத்து இன்னொருவரைத் தாழ்த்துவதை என்னால் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

மனிதர் பெயரைக் குதிரைக்கு வைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. சங்ககால வள்ளல் மலையமான் காரியின் குதிரைக்கும் காரி என்றுதான் பெயர்; கொல்லிமலை ஓரியின் குதிரை ஓரி. அவர்கள் கொடுத்தது தங்கள் சொந்தப் பெயரை. அடுத்தவர் பெயரை அவர் சம்மதமின்றி எடுப்பது வேறு. அமெரிக்காவில் பந்தயக் குதிரைகளைப் பதிவு செய்யும் ஜாக்கி கிளப், உயிரோடு இருப்பவரின் பெயரை வைக்க அவருடைய எழுத்துப்பூர்வ அனுமதியைக் கேட்கிறது. அதிபர் ஜெஃபர்சன் வீட்டில் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸின் பெயரை ஒருவர் தன் குதிரைக்குக் கேட்டபோது, அது பலரைப் புண்படுத்தும் என்று மறுத்துவிட்டது. அவர் வழக்குப் போட்டார். 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றார்.

பெயர் சார்ந்த இன்னொரு அநியாயம் குதிரைக்கே இழைக்கப்படுகிறது. அந்தியூர் குதிரைச் சந்தையில் வாங்கி ஆரல்வாய்மொழி வழியாக வரும் குதிரைக்கு, இங்கே இறங்கியதும் புதுப் பெயர். அடுத்த ஆண்டு கைமாறினால் இன்னொன்று. பெயர் மாறும்போது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, எந்தக் கால் முன்பு முறிந்தது, எப்போது தடுப்பூசி போட்டார்கள் என்பதெல்லாம் மறைந்துபோகின்றன. சிலர் இதைத் தெரிந்தே செய்கிறார்கள். பல்லைப் பார்த்து வயதைக் கணித்துவிடலாம். நோய் வரலாற்றை எந்தப் பல்லும் சொல்லாது. குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் போன்ற நோய் மனிதரையும் தொற்றும், அதற்குத் தடுப்பூசியும் கிடையாது. அப்படியொன்று வந்தால், குதிரை எங்கிருந்து வந்தது என்று தேடுவதற்கு வழியே இருக்காது. அதே ஜாக்கி கிளப், ஒரு முறை பந்தயத்தில் ஓடிவிட்ட குதிரையின் பெயரை மாற்ற விடுவதில்லை.

வாங்குபவர்கள் ராசிக்காகக் குதிரையின் மயிர்ச்சுழியைப் பார்க்கிறார்கள். நான் அதே சுழிகளை அடையாளத்துக்காகக் குறித்துவைக்கிறேன். அவை ஆயுள் முழுவதும் மாறாது. நெற்றியில் எத்தனை, கழுத்தில் எந்தப் பக்கம், வெள்ளைக் கால் எது என்று சீட்டில் படம் போட்டு, இப்போதைய பெயருக்குக் கீழே பழைய பெயரையும் கேட்டு எழுதுகிறேன். வாங்கும்போது அந்தப் பழைய பெயரை விற்பவரிடம் கட்டாயம் கேளுங்கள். நீங்கள் விற்கும்போது சீட்டுகள் எல்லாவற்றையும் குதிரையோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.