ரிவைவ், ரெசஸிடேட், ரெசரெக்ட்: எல்லாமே புத்துயிர்தானா?

செய்தித்தாளைப் புரட்டினால் எதற்கும் புத்துயிர்தான். மூடிக்கிடந்த ஆலைக்குப் புத்துயிர், கிடப்பில் போட்ட திட்டத்துக்குப் புத்துயிர், தூர்ந்துபோன ஏரிக்குப் புத்துயிர். ஆங்கிலத்தில் ரிவைவ், ரெசஸிடேட், ரெசரெக்ட் என்று தனித்தனி வினைகள் இருக்க, தமிழில் எழுதும்போது எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்லைப் போட்டுவிடுகிறோம். அவை சொல்லும் வேலைகள் வேறு வேறு. அவற்றுக்கான சொற்களும் தமிழில் இருக்கவே செய்கின்றன.

ரிவைவ் என்பதில் எளிமையான பொருள்தான். லத்தீனில் ‘விவெரே’ என்றால் வாழ்தல், ‘ரெ’ என்றால் மறுபடியும். பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. தானாக உயிர் பெறுவதும் ரிவைவ், இன்னொன்றை உயிர் பெறச் செய்வதும் ரிவைவ். தமிழில் அப்படி விட முடியாது. தன்வினையா பிறவினையா என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். தொழில் புத்துயிர் பெற்றது, அரசு புத்துயிர் ஊட்டியது. இதுவரைக்கும் சரி. ஆனால் ஒரு கதையில் மயங்கி விழுந்தவர் முகத்தில் தண்ணீர் தெளித்ததும் ‘ரிவைவ்’ ஆகிறார் என்றால், அங்கே புத்துயிருக்கு வேலையே இல்லை. அவருக்கு உயிர் போகவில்லையே! மயக்கம் தெளிந்தது, அவ்வளவுதான். வாடிய செடி என்றால் தலை நிமிர்ந்தது, துளிர்த்தது.

ரெசஸிடேட் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய சொல். லத்தீன் ‘சிடாரே’ என்றால் அழைத்தல், கிளப்புதல். அதோடு ‘கீழிருந்து’ என்னும் பொருளுள்ள ‘சப்’ சேர்ந்து, மறுபடியும் ‘ரெ’ சேர்ந்தது. கீழே கிடப்பவரைத் தட்டி எழுப்புவது என்று வைத்துக்கொள்ளலாம். 1767இல் ஆம்ஸ்டர்டாமில், நீரில் மூழ்கியவர்களைக் காப்பாற்றவென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1774இல் லண்டனிலும் அப்படி ஒன்று வந்தது. 1960இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் நெஞ்சை வெளியிலிருந்தே அமுக்கி இரத்த ஓட்டத்தைத் தக்கவைக்கும் முறையை வெளியிட்டார்கள். இதயமும் மூச்சும் நின்றவருக்குச் செய்யும் இன்றைய முதலுதவியான சி.பி.ஆர். (கார்டியோபல்மனரி ரெசஸிடேஷன்) அதிலிருந்து வளர்ந்ததுதான். நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, பெரியவர்கள் என்றால் குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு அமுக்க வேண்டும். சி.பி.ஆரில் உள்ள அந்த ‘ஆர்’, இந்தச் சொல்தான்.

இங்கேதான் மொழிபெயர்ப்பு சறுக்குகிறது. மருத்துவர்களின் பேச்சில் ரெசஸிடேட் என்பது முயற்சியின் பெயர். அரைமணி நேரம் ரெசஸிடேட் செய்தோம், காப்பாற்ற முடியவில்லை என்று அவர்களால் சொல்ல முடியும். ‘அரைமணி நேரம் உயிர்ப்பித்தோம், இறந்துவிட்டார்’ என்று தமிழில் எழுதினால் உளறல். உயிர்ப்பித்தல் என்றாலே உயிர் வந்துவிட்டது என்றுதான் தமிழ்க் காது கேட்கும். ஆகவே ‘உயிர்ப்பிக்க முயன்றோம்’ என்றே எழுத வேண்டும். தீராத நோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவருக்கு ‘ரெசஸிடேட் செய்ய வேண்டாம்’ என்று எழுதிவைக்கும் குறிப்பைப் பற்றிச் சொல்லும்போது இது இன்னும் முக்கியம். ‘உயிர்ப்பிக்க வேண்டாம்’ என்று பெயர்த்தால், பிழைக்கக்கூடியவரைச் சாகவிடச் சொல்வதுபோல வீட்டாருக்குக் கேட்கும். ‘இதயம் நின்றால் நெஞ்சை அமுக்கி மீட்கும் முயற்சி வேண்டாம்’ என்று நீட்டிச் சொன்னால்தான் என்ன? அந்த நேரத்தில் சொற்சிக்கனம் யாருக்கும் உதவாது.

கலைச்சொல்லாக வேண்டுமென்றால் ‘மீளுயிர்ப்பு’ எனக்குப் பிடித்திருக்கிறது. பழந்தமிழில் உயிர்த்தல் என்றால் மூச்சு விடுதல்; உயிர்ப்பு என்றால் மூச்சு. நெட்டுயிர்ப்பு என்பது பெருமூச்சு. நின்ற மூச்சை மீள வரவழைக்கும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது.

ரெசரெக்ட் என்பது சாவைக் கடந்து எழுவது. ‘ரெசரெக்‌ஷன்’ என்ற பெயர்ச்சொல்தான் முதலில் இருந்தது. அதிலிருந்து வினையைப் பிரித்தெடுத்தது 18ஆம் நூற்றாண்டில். தமிழில் ‘உயிர்த்தெழு’ வேர்விட்டு நிற்கிறது. ஈஸ்டருக்கே உயிர்ப்புப் பெருவிழா என்று பெயர். ஆனால் இது தன்வினை. ஏசு உயிர்த்தெழுந்தார், லாசருவை அவர் உயிர்த்தெழச் செய்தார் என்றோ, விவிலியம் சொல்வதுபோல ‘எழுப்பினார்’ என்றோதான் சொல்ல வேண்டும்.

இந்த வரிசையில் நாம் அதிகம் மறந்துவிடும் சொல் மீட்டல். மீள் தன்வினை, மீட்டு பிறவினை. வழக்கொழிந்ததைத் திரும்பக் கொண்டுவருவதற்கு இதுவே சரியான சொல். ‘நெல்’ ஜெயராமன் 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளை மீட்டார் என்கிறோம். புத்துயிர் ஊட்டினார் என்றால் அதில் வயலின் வாசனையே இருக்காது.

காப்பீட்டிலும் இந்தச் சொல் வந்தால் நல்லது. தவணை கட்டாமல் காலாவதியான பாலிசிக்கு மறுபடி உயிர் கொடுப்பதை ஆங்கிலத்தில் ரிவைவல் என்கிறார்கள். நடப்பில் இருப்பதை நீட்டிப்பது ரினியூவல். தமிழ் அறிவிப்புகளில் இரண்டும் ‘புதுப்பித்தல்’ ஆகிவிடுகின்றன. முதல் வகையில் நிலுவைத் தவணைகளையும் வட்டியையும் கட்ட வேண்டும், உடல்நலம் பற்றியும் எழுதித்தர வேண்டிவரும். ‘பாலிசியை மீட்டல்’ என்று அச்சிட்டால், அடகுக்கடையில் நகையை மீட்டுப் பழகியவர்கள் கையில் எவ்வளவு பணத்தோடு போக வேண்டும் என்பதைத் தாங்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.