கடையில் மாமூல் கேட்டு மிரட்டல், ஸ்டேஷனில் புகார் எடுக்கவில்லை: கோர்ட்டுக்குப் போகும் முன் தெரிய வேண்டியவை

கடைக்கு ஆள் வருகிறான். மாதம் இவ்வளவு கொடு, இல்லாவிட்டால் ஷட்டர் இருக்காது என்கிறான். ஸ்டேஷனுக்குப் போனால் "ஊரோடு ஒத்துப் போங்க, நீங்களே பேசி முடிச்சுக்கங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். அதோடு சோர்ந்துபோய் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுக்கப் பழகிவிட்ட வியாபாரிகள் எத்தனையோ பேர். கோர்ட் வரை போனவர்களிலும் பலர் வெறுங்கையோடு திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். சட்டம் அவர்கள் பக்கம்தான் இருந்தது. முதலில் அனுப்ப வேண்டிய கடிதத்தை அனுப்பாமல் விட்டிருந்தார்கள், அவ்வளவுதான். அந்த ஓட்டைகளைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 1 முதல் நடக்கும் குற்றங்களுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம் கிடையாது, பாரதிய நியாய சன்ஹிதாதான். மிரட்டிப் பணம் பறிப்பது அதில் 308-வது பிரிவு. பணம் கைமாறியிருந்தால் 308(2)-இல் 7 ஆண்டு வரை சிறை. கொன்றுவிடுவேன், கை காலை உடைப்பேன் என்று மிரட்டிப் பறித்திருந்தால் 10 ஆண்டு வரை. நீங்கள் ஒரு பைசாகூடக் கொடுக்கவில்லை, அவன் மிரட்டியதோடு சரி என்றாலும் அதுவும் குற்றம்தான். 308(3)-இல் 2 ஆண்டு வரை தண்டனை உண்டு. "பணம்தான் குடுக்கலையே, அப்புறம் என்ன கேஸ்?" என்று கேட்கும் காவலருக்கு இதுதான் பதில். இவை எல்லாமே போலீஸ் நேரடியாக வழக்குப் பதிய வேண்டிய குற்றங்கள். அப்படிப்பட்ட குற்றம் புகாரில் தெரிந்தால் எப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஸ்டேஷன் வாசலில் அது இன்னும் புதுச் செய்திதான்.

முதல் ஓட்டை புகார் எழுதும் மேஜையிலேயே விழுகிறது. நீங்கள் சொல்லச் சொல்ல ரைட்டர் எழுதுவார். "மேற்படி நபர் கடைக்கு வந்து என்னிடம் வாய்த்தகராறு செய்து ஆபாசமாகப் பேசினார்" என்று ஒரு வரி போடுவார். படித்தால் சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும், கையெழுத்தும் போட்டுவிடுவீர்கள். அந்த வரியில் பணம் கேட்டது இல்லை. கொடுக்காவிட்டால் என்ன செய்வேன் என்று சொன்னதும் இல்லை. அதாவது பறிப்பே காணாமல் போய்விட்டது, மிச்சம் இருப்பது ஒரு சில்லறைச் சண்டை. ஆகவே புகாரை வீட்டிலேயே எழுதி, இரண்டு பிரதியாகக் கொண்டு போங்கள். என்ன தேதி, எத்தனை மணி, எவ்வளவு கேட்டான், "கொடுக்கலைன்னா" என்பதற்குப் பிறகு என்ன சொன்னான், அவன் வாயிலிருந்து வந்த சொல்லிலேயே இருக்கட்டும். பிரிவு எண் எழுத வேண்டியதில்லை. ஆளின் பெயர் தெரியாவிட்டால் அடையாளம், வண்டி எண், போன் எண் போதும். பெயர் தெரியாத நபர் மீதும் எப்.ஐ.ஆர். போடலாம்.

இன்னொன்று, மறைக்காமல் எழுதுங்கள். அந்த ஆளோடு முன்பு வட்டிக்கு வாங்கியது, சீட்டு, வாடகை என்று ஏதாவது கணக்கு இருந்திருந்தால் அதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். நீங்கள் மறைத்ததை எதிர்த்தரப்பு கோர்ட்டில் எடுத்துப் போடும்போது, "இது கொடுக்கல் வாங்கல் தகராறு, சிவில் விவகாரம்" என்ற போலீஸ் பல்லவிக்கு நீங்களே தாளம் போட்டதாகிவிடும். கடன் பாக்கி உண்மையாகவே இருந்தாலும் அதைக் கத்தியைக் காட்டி வசூலிக்கும் உரிமை யாருக்கும் கிடையாது என்பது வேறு விஷயம்.

மாநாட்டு நிதி, திருவிழா வசூல், பிறந்தநாள் பேனர் என்று வருபவர்கள் ரசீது புத்தகத்தோடு வருவார்கள். ரசீது கொடுத்துவிட்டால் அது நன்கொடை ஆகிவிடாது. தராவிட்டால் கடை நடத்த முடியாது என்ற பயத்தில் கொடுத்தது எதுவானாலும் பறிப்புதான். அந்த ரசீதைக் கிழித்துப் போடாதீர்கள், அது உங்கள் சாட்சி.

சரி, புகார் கொடுத்தாகிவிட்டது. ஒரு தாளை நீட்டுவார்கள். அதில் மனு எண், தேதி, ஸ்டேஷன் முத்திரை எல்லாம் இருக்கும். வாங்கிக்கொண்டு "கேஸ் போட்டுட்டாங்க" என்று ஊரெல்லாம் சொல்பவர்கள் உண்டு. அது சி.எஸ்.ஆர். என்கிற மனு ரசீது. புகார் வந்தது என்பதற்கான அத்தாட்சி, அதற்கு மேல் ஒன்றுமில்லை. எப்.ஐ.ஆர். என்றால் குற்ற எண்ணும் சட்டப்பிரிவும் இருக்கும், அதன் நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். சி.எஸ்.ஆர். போட்ட பிறகு இரு தரப்பையும் கூப்பிட்டு உட்காரவைத்து "இனி வரமாட்டான், எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்பார்கள். ஸ்டேஷனுக்குள் நடந்தாலும் கட்டப்பஞ்சாயத்து கட்டப்பஞ்சாயத்துதான். மிரட்டிப் பணம் பறித்தல் சட்டப்படி சமரசம் செய்து முடிக்கக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. "மேல் நடவடிக்கை தேவையில்லை" என்று நீங்கள் எழுதும் ஒரு வரி, பிற்பாடு நீங்கள் போடும் ஒவ்வொரு மனுவிலும் உங்களுக்கு எதிராக வந்து நிற்கும். எழுதாதீர்கள்.

சி.எஸ்.ஆர்.கூடத் தராமல் விரட்டினால் அன்றைக்கே ஆன்லைனில் புகார் பதிந்துவிடுங்கள். அப்படிக் கொடுத்தால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பலர் இதை மறந்துவிடுகிறார்கள், புகார் அந்தரத்தில் தொங்குகிறது. ஸ்டேஷனுக்குப் போன தேதியையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைத்து, பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. "இவர் வரவே இல்லை" என்று இன்ஸ்பெக்டர் சொன்னால் அந்தத் தேதியும் நேரமும்தான் கைகொடுக்கும்.

புதுச் சட்டம் வந்த பிறகு புதிதாக ஒரு சாக்கும் வந்திருக்கிறது: "14 நாள் முதற்கட்ட விசாரணை பண்ணிட்டுத்தான் எப்.ஐ.ஆர்." அப்படி ஒரு விதி உண்மையிலேயே இருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், 173(3). ஆனால் அது 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும், அதுவும் டி.எஸ்.பி. அனுமதியோடு. 308-வது பிரிவில் இருக்கும் தண்டனைகள் 2 ஆண்டு, 7 ஆண்டு, 10 ஆண்டு. ஒன்றுகூட அந்த வரம்புக்குள் விழவில்லை. இதை மரியாதையாக எழுதி மனுவில் சேர்த்துவிடுங்கள், வாயால் வாதாட வேண்டாம்.

இப்போது வருவதுதான் முக்கியமான படி. பெரும்பாலானவர்கள் வழுக்கி விழுவதும் இங்கேதான்.

ஸ்டேஷனில் எப்.ஐ.ஆர். போட மறுத்தால், புகாரின் சாரத்தை எழுத்தில், தபால் மூலம் மாவட்ட எஸ்.பி.க்கு அனுப்ப வேண்டும். அதே நடைமுறைச் சட்டத்தின் 173(4) சொல்வது இது. மாநகரங்களில் எஸ்.பி. தகுதியில் இருப்பவர் துணை ஆணையர்; கமிஷனருக்கும் ஒரு நகல் போடுங்கள். மக்கள் என்ன செய்கிறார்கள்? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் வரிசையில் நின்று மனு கொடுக்கிறார்கள். முதல்வர் தனிப்பிரிவுக்கு எழுதுகிறார்கள், 1100-க்கு போன் செய்கிறார்கள், டி.ஜி.பி.க்கு அனுப்புகிறார்கள். அந்த மனுக்கள் மேலிருந்து கீழே உருண்டு உருண்டு எந்த இன்ஸ்பெக்டர் மீது குறை சொன்னீர்களோ அவர் மேஜைக்கே வந்து சேரும். அவர் "மனுதாரர் விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை" என்று எழுதி முடித்துவைப்பார். இதில் இரண்டு மாதம் போய்விடும். கோர்ட்டில் இவை எதுவும் 173(4) கணக்கில் வராது. எஸ்.பி.க்குப் போன தபால் எங்கே என்றுதான் கேட்பார்கள்.

ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். ரசீதையும், டெலிவரி ஆன விவரத்தைப் பிரிண்ட் எடுத்தும் வையுங்கள். எஸ்.பி. ஆபீஸில் நேரில் கொடுத்திருந்தாலும் தபாலிலும் ஒன்று போகட்டும். முதல் புகாரில் இருந்ததே இதிலும் இருக்க வேண்டும். ஸ்டேஷனில் "பணம் கேட்டான்" என்று எழுதி, எஸ்.பி.க்கு "அரிவாளைக் கழுத்தில் வைத்தான்" என்று ஏற்றி எழுதினால் இரண்டுமே பொய்யாகத் தெரியும். புதிதாக ஏதாவது நடந்திருந்தால் அதைத் தேதியோடு தனிப் பத்தியாகச் சேருங்கள்.

பதில் வராவிட்டால் 175(3)-இன் கீழ் நீதித்துறை நடுவர், அதாவது ஜே.எம். கோர்ட்டில் மனு. பிரமாணப் பத்திரம் கட்டாயம். பிரியங்கா ஸ்ரீவஸ்தவா வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இப்போது சட்டத்திலேயே ஏறிவிட்டது. அதில் பொய் இருந்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். ஸ்டேஷன் புகார், சி.எஸ்.ஆர். (அது தரவில்லை என்றால் ஆன்லைன் புகாரின் நகல்), எஸ்.பி. தபால் ரசீது மூன்றும் இணைப்பாக இருக்க வேண்டும். ஒன்று இல்லாவிட்டாலும் மனு தள்ளுபடி ஆக வாய்ப்பு அதிகம். நடுவர் போலீஸ் தரப்பையும் கேட்ட பிறகுதான் உத்தரவு போடுவார். முன்விரோதம், சிவில் தகராறு, தொழில் போட்டி என்று அங்கிருந்து வரப்போகும் பதிலை முன்கூட்டியே யோசித்து, அதற்கான மறுப்பையும் பிரமாணப் பத்திரத்திலேயே வைத்துவிடுங்கள்.

மனுவின் கோரிக்கைப் பகுதியை நீங்களே ஒருமுறை படியுங்கள். "வழக்குப் பதிந்து விசாரிக்க உத்தரவிட வேண்டும்" என்று தெளிவாக இருக்கிறதா? தெளிவாக இல்லாவிட்டால் தனிநபர் புகாராக எடுத்துக்கொள்ளப்படலாம். அப்போது சாட்சியைக் கூட்டிவருவது, ஆதாரம் திரட்டுவது எல்லாம் உங்கள் தலையில். போதாக்குறைக்கு, அதே நடைமுறைச் சட்டத்தின் 223-வது பிரிவுப்படி கோர்ட் புகாரை ஏற்கும் முன்பே எதிரிக்கு நோட்டீஸ் போய்விடும். மிரட்டுகிறவனுக்கு முதலில் தகவல் சொல்லும் ஏற்பாடு! யோசித்துத்தான் எழுதினார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

"நேரா ஹைகோர்ட் போயிடலாமே?" என்று கேட்பார்கள். எப்.ஐ.ஆர். போடச் சொல்லி மட்டும் போனால், முதலில் மாஜிஸ்திரேட்டிடம் போ என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். சகிரி வாசு வழக்கில் 2007-லேயே உச்ச நீதிமன்றம் போட்ட பாதை அது. உயிருக்கோ கடைக்கோ உடனடி ஆபத்து, போலீஸ் பாதுகாப்பு வேண்டும் என்றால் 226-வது அரசியல் சட்டப் பிரிவில் ரிட் மனு போடலாம். திருச்சி முதல் கன்னியாகுமரி வரையிலான தென்மாவட்டக்காரர்கள் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும், சென்னைக்கு அலைய வேண்டாம்.

அங்கே ஒரு பொறி இருக்கிறது. "மனுதாரரின் கோரிக்கையை இத்தனை வாரத்துக்குள் சட்டப்படி பரிசீலிக்க வேண்டும்" என்று ஒரு உத்தரவு வரும். வெற்றி என்று லட்டு கொடுத்துவிடாதீர்கள். பரிசீலித்து, பாதுகாப்பு தேவையில்லை என்று எழுதிவிட்டால் உத்தரவை நிறைவேற்றியதாகிவிடும். ரோந்து எத்தனை மணிக்கு, கடையில் கையெழுத்துப் புத்தகம் வைப்பது, மிரட்டுகிறவர் கடைப்பக்கம் வராமல் தடுப்பது என்று குறிப்பாகக் கேட்கச் சொல்லி வக்கீலிடம் வலியுறுத்துங்கள். மிரட்டுகிறவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டியிருக்கும். பயந்து அவர் பெயரை விட்டுவிட்டால், அவரைக் கேட்காமல் அவருக்கு எதிராக உத்தரவு போடச் சொல்வதாகிவிடும். போட்ட உத்தரவை மதிக்காவிட்டால் அவமதிப்பு மனு ஓராண்டுக்குள் போட வேண்டும். அதற்குப் பிறகு தாளுக்கு மதிப்பில்லை.

ஆதாரம் பற்றிச் சில விஷயங்கள். கடை கேமராவின் டி.வி.ஆர். பழையதை அழித்து அழித்துத்தான் புதியதைப் பதியும். சம்பவம் நடந்த அன்றே காப்பி எடுங்கள், அசலையும் அழியவிடாதீர்கள். வீடியோ, ஆடியோ எதுவாக இருந்தாலும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவுச் சான்றிதழ் இல்லாமல் காப்பி கோர்ட்டில் ஏறாது. பணத்தை ஜி.பே.யில் கேட்டால் அந்த மெசேஜையும் அழிக்காமல் வையுங்கள்.

மாமூல் கேட்பது போலீஸ்காரரே என்றால் பாதையே வேறு. லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள், பணம் கொடுப்பதற்கு முன்பே போவது நல்லது. 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுத்தவரும் குற்றவாளிதான். கட்டாயத்தின் பேரில் கொடுத்தேன் என்று தப்பிக்க, கொடுத்த 7 நாளுக்குள் புகார் செய்திருக்க வேண்டும். "மூணு வருஷமா குடுக்கிறேன் சார்" என்று மனுவில் பெருமூச்சு விட்டு எழுதுபவர்கள் இதைக் கவனிக்கவும்.

தள்ளுவண்டி, நடைபாதைக் கடை வைத்திருப்பவர்களுக்கு 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. விற்பனைச் சான்றிதழ்படி வியாபாரம் செய்பவரைப் போலீஸ் உட்பட யாரும் தடுக்கக் கூடாது என்று 27-வது பிரிவு சொல்கிறது. சான்றிதழ் இல்லாவிட்டால், அல்லது சான்றிதழில் உள்ள இடத்தை விட்டு நகர்ந்து கடை போட்டிருந்தால், பேச்சு உடனே ஆக்கிரமிப்புக்கு மாறிவிடும். சான்றிதழ் இல்லாதவரிடமும் பணம் பறிப்பது குற்றம்தான், புகாரில் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

எப்.ஐ.ஆர். போட்டு, ஆள் ஜாமீனில் வந்து மறுபடி மிரட்டினால் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் நடைமுறைப்படுத்தியது. 7 ஆண்டு தண்டனை உள்ள குற்றங்கள் அதில் அடங்கும், ஆகவே 308(2) உள்ளே வருகிறது, எப்.ஐ.ஆரில் அந்தப் பிரிவைப் போடாமல் சாதாரண மிரட்டல் பிரிவை மட்டும் போட்டிருந்தால் இந்த வாசல் உங்களுக்கு மூடிவிடக்கூடும். எப்.ஐ.ஆர். நகல் கையில் வந்த உடனே பிரிவைப் பாருங்கள். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும், ஸ்டேஷனில் இல்லை. ஆபத்து எவ்வளவு என்ற அறிக்கையை டி.எஸ்.பி. தருவார். பாதுகாப்பு ஒரு தடவைக்கு 3 மாதத்துக்கு மேல் கிடையாது. முடிவதற்கு முன்பே நீட்டிக்கக் கேட்டு எழுதுங்கள், அவர்களாக ஞாபகம் வைத்துச் செய்ய மாட்டார்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். வருமானச் சான்றிதழ் கொண்டு வா என்று கவுண்டரில் யாராவது சொன்னால், 1987-ஆம் ஆண்டு சட்டத்தின் 12-வது பிரிவைக் காட்டுங்கள்.