கம்யூட்டேட்டர் எனும் திசைமாற்றி

மிக்ஸி பழுது பார்க்கும் கடையில் இது கம்யூட்டேட்டர். ரேடியோ கார் பந்தயக்காரர்கள் வாயில் இன்னும் சுருங்கி 'காம்'. பள்ளி இயற்பியல் பாடத்தில் பிளவு வளையம் என்றும் திசைமாற்றி என்றும் வரும். மோட்டாருக்குள் சுழலும் சுருள் பாகம் ஆர்மேச்சர்; அதன் தண்டின் ஒரு முனையில் இருக்கும் செப்பு உருளைதான் பொருள். உருளை துண்டு துண்டாகப் பிளந்திருக்கும், துண்டுகளுக்கு நடுவே மின்சாரம் தாவாது. மின்சாரத்தை உள்ளே கொடுக்கும் இரண்டு கார்பன் கட்டைகள் இருபுறமும் அதை அழுத்திக்கொண்டு நிற்கும்.

சொல்லின் வேர் லத்தீன். அங்கே 'கொம்முடாரே' என்றால் ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளுதல், அடியோடு மாற்றுதல். 3+5, 5+3 இரண்டும் ஒன்றே என்னும் பரிமாற்று விதிக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரும் இதே வேரில் பிறந்ததுதான். தினக் கட்டணங்களுக்கு ஈடாக அமெரிக்க ரயில் கம்பெனிகள் ஒரே சீசன் சீட்டைக் கொடுத்தன. அதை வைத்திருந்தவர் 'கம்யூட்டர்' ஆனதும் இந்த வழியில்தான். மின்னியலில் மாறுவது மின்னோட்டத்தின் திசை. 1832இல் பாரிஸின் கருவி செய்வோர் இப்போலித் பிக்சி, கையால் சுற்றும் மின்னாக்கி ஒன்றைச் செய்தார். அதில் முன்னும் பின்னுமாக வந்த மின்னோட்டத்தை ஒரே திசையில் திருப்ப, ஆம்பியரின் யோசனைப்படி இத்தகைய ஏற்பாட்டைப் பொருத்தினார்.

மோட்டாரில் வேலை தலைகீழ். பேட்டரி தருவது ஒரே திசை மின்னோட்டம். அரைச் சுற்றுக்கு ஒருமுறை சுருளுக்குள் அதைத் திருப்பாவிட்டால் ஆர்மேச்சர் காந்தத்துக்கு நேராக வந்து நின்றுவிடும். பந்தயக் கார்களின் 540 அளவு மோட்டாரில் மூன்று சுருள், மூன்று செப்புத் துண்டு. நிமிடத்துக்கு 20,000 சுற்று ஓடினால் ஒவ்வொரு சுருளிலும் நொடிக்கு 660 தடவைக்கு மேல் திசை புரள்கிறது. பொறி பறப்பது அந்தப் புரளும் கணத்தில்தான்.

ஆகவே திசைமாற்றி என்பது செய்யும் வேலையைச் சொல்லும் நல்ல பெயர். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. புதிதாக வருபவர், காரை ரிவர்ஸ் எடுக்க வைக்கும் பாகம் என்று நினைத்துவிடுவார். அது ஸ்பீடு கன்ட்ரோலரின் வேலை. முதல் தடவை 'மின்னோட்டத் திசைமாற்றி' என்று முழுதாக எழுதிவிட்டால் குழப்பம் தீரும். கூட வரும் 'தூரிகை'தான் உறுத்தும் சொல். ஆரம்ப காலத்தில் செப்புக் கம்பிகளைக் கற்றையாகக் கட்டி உரசவிட்டார்கள், அதனால் பிரஷ் என்று பெயர். கார்பன் கட்டை வந்த பிறகும் பெயர் போகவில்லை, நாம் அதைத் தூரிகை என்று மொழிபெயர்த்துக்கொண்டோம். "கார்பன் தேஞ்சு போச்சு" என்கிற பட்டறைப் பேச்சே மேல்.

திசைமாற்றியின் முகத்தைப் பார்த்தாலே மோட்டாரின் நிலை தெரியும். செப்பின் மேல் சீரான வெளிர்ப்பழுப்புப் படலம் இருந்தால் கவலையில்லை. ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் கருப்பாகக் கருகியிருந்தால் கார்பன் துள்ளுகிறது என்று அர்த்தம். ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்திருக்கும், அல்லது உருளை வட்டம் தப்பியிருக்கும். தேய்ந்து பள்ளம் விழுந்த செப்பில் புது கார்பனைப் போடுவது வீண். ஓரங்கள் மட்டுமே தொடும், அங்கேயே எரியும்.

சாணைத்தாளால் தேய்த்தால் பளபளப்பு வரும், வட்டம் வராது. அதற்குச் சின்ன காம் லேத், அதாவது உருளையைச் சுழற்றிச் சீவும் கடைசல் இயந்திரம், வேண்டும். முதலில் ஸ்பிரிங்கையும் கார்பனையும் எடுத்துவிட்டுப் பிறகே அவை பொருந்தியிருக்கும் பின்மூடியைக் கழற்ற வேண்டும். தண்டின் எந்தப் பக்கம் எத்தனை வாஷர் என்று குறித்துக்கொள்ளுங்கள்; மாறிப் போனால் கார்பன் செப்பின் வேறு இடத்தில் உட்காரும். லேத்தின் தாங்கிகளில் ஒரு சொட்டு எண்ணெய். செப்பு முழுக்க மார்க்கர் பேனாவால் மை பூசி, ஒரு ஓட்டத்துக்கு 0.02 முதல் 0.05 மி.மீ. வரை சீவுங்கள். எங்காவது மை மிச்சமிருந்தால் அந்த இடம் இன்னும் பள்ளம். மை முழுதும் போனதும் மிக மெல்லிய கடைசி ஓட்டம் ஒன்றை மெதுவாக விட்டு நிறுத்திவிட வேண்டும்.

பலர் மறப்பது அடுத்த வேலையை. துண்டுகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் செப்புச் சீவல் மாட்டியிருக்கும். மெல்லிய பிளேடு முனையால் கீறி எடுத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, மோட்டார் சுத்தம் செய்யும் ஸ்பிரே அடியுங்கள். ஒரு தூசு பாலம் போட்டாலும் பக்கத்துத் துண்டுகள் ஷார்ட் ஆகும். மோட்டார் கரண்டை இழுத்துச் சுடும், வேகம் இருக்காது. புது உருளையின் விட்டம் சுமார் 7.5 மி.மீ. இருக்கும். 7 மி.மீ.க்குக் கீழே போனதைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

புது கார்பனை 2–3 வோல்ட்டில், சுமை இல்லாமல் சில நிமிடம் ஓட்டிப் பழக்க வேண்டும். முகம் முழுதும் வளைவாகப் படிந்தபின் 7.2 வோல்ட் கொடுக்கலாம். எண்ணெய், தண்டைத் தாங்கும் புஷ்ஷுக்கும் பேரிங்குக்கும் மட்டும், அதுவும் ஒரே சொட்டு. செப்பில் பட்டால் கார்பன் தூளோடு குழைந்து பசையாகிவிடும்.

'டைமிங்' என்பதும் திசை மாறும் கணத்தைப் பற்றியதே. சுருளில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று புரளாது. அதனால் திசை மாற்றத்தைக் கொஞ்சம் முன்னதாகவே தொடங்குகிறோம். பின்மூடியை ஆர்மேச்சர் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் டைமிங் கூடும். வேகம் ஏறும், இழுவை குறையும், பொறியும் சூடும் கூடும். அமெரிக்காவில் ரேடியோ கார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் ரோர் அமைப்பின் விதிப்படி, ஒவ்வொரு சுருளிலும் 27 சுற்றுக் கம்பி கொண்ட '27 டர்ன் ஸ்டாக்' மோட்டார்களில் அது 24 பாகையில் பூட்டப்பட்டிருந்தது. அங்கே வெற்றி தோல்வி கார்பன், ஸ்பிரிங், லேத் மூன்றின் கையில் இருந்தது.

தமியா கம்பெனியின் ரேடியோ கார் கிட்களோடு வரும் மூடிய வெள்ளி நிற 540 மோட்டாரில் இந்த வைத்தியம் செல்லாது. கார்பன் மாற்ற முடியாது, சுத்தம் செய்து புஷ்ஷுக்கு எண்ணெய் விடலாம், அவ்வளவே. கார்பனே இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாரில் செப்பு உருளையும் இல்லை. ஆனால் திசைமாற்றம் நிற்கவில்லை, கன்ட்ரோலருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் அதைச் செய்கின்றன; டைமிங் என்ற சொல்லும் அப்படியே அங்கே குடிபோய்விட்டது.