விரிதாள்

ஆங்கிலத்தில் ஸ்ப்ரெட்ஷீட். கணினி வருவதற்கு முன்பே கணக்கர்களிடம் புழங்கிய சொல். பேரேட்டின் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் ஒரே தாளாகப் பாவித்து, குறுக்கே நிரல் நிரலாக (நெடுவரிசைகளாக)க் கணக்கு எழுதுவார்கள். பரப்பி வைத்த தாள் என்பதால் அந்தப் பெயர். 1979இல் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் ஆப்பிள் 2 கணினிக்காக விசிகால்க் மென்பொருளைக் கொண்டுவந்தபோது தாள் திரைக்கு மாறியது. ஹார்வர்டு வகுப்பில் கரும்பலகையில் ஓர் எண்ணைத் திருத்தியதும், அதைத் தொடர்ந்த எண்களையெல்லாம் பேராசிரியர் அழித்து எழுத வேண்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் பிரிக்லினுக்கு இந்த யோசனை வந்தது.

தமிழில் விரி + தாள், ஊறுகாய் போல வினைத்தொகை. விரிந்த, விரிகிற, விரியும் என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும். எக்செலில் 10,48,576 நிரைகள் (கிடைவரிசைகள்) இருப்பதை நினைத்தால் எதிர்காலம்தான் கூடுதலாகப் பொருந்துகிறது! தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘அட்டவணைச் செயலி’ என்றும் காணலாம். மென்பொருளுக்கு அது சரி, தாளுக்குச் சரிவராது. இலங்கையில் ‘இலத்திரனியல் விரிதாள்’ என்பார்கள். அந்த இலத்திரன் வேறு யாருமல்ல, நம் எலக்ட்ரான்தான். அம்பரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1891இல் இயற்பியலாளர் ஸ்டோனி வைத்த பெயர். எதிர்மின்னி என்றும் சொல்கிறோம்.

அந்த எலக்ட்ரானையே விரிதாளில் பிடிக்கலாம். 1897இல் ஜே. ஜே. தாம்சன் கேம்பிரிட்ஜில் அளந்த மின்னூட்ட–நிறை விகிதத்தை இன்றைய மாணவர்கள் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள்களை (சீரான காந்தப்புலம் தரும் இரட்டைக் கம்பிச் சுருள்) வைத்து அளக்கிறார்கள். காந்தப்புலத்தில் எலக்ட்ரான் கற்றை வளையமாக ஒளிர்கிறது. மின்னழுத்தம், சுருளில் ஓடும் மின்னோட்டம், வளையத்தின் விட்டம் மூன்றையும் ஆளுக்கொரு நிரலில் போட வேண்டும். 130 சுற்று, 15 செ.மீ. ஆரம் கொண்ட சுருள் என்றால் ஓர் ஆம்பியருக்குப் புலம் சுமார் 0.00078 டெஸ்லா. 200 வோல்ட்டும் 1.5 ஆம்பியரும் கொடுத்தால் வளையத்தின் ஆரம் 4 செ.மீ.யைச் சற்றே தாண்டும்.

இந்த 0.00078ஐ ஒவ்வொரு நிரையிலும் திரும்பத் திரும்ப அடிக்கக் கூடாது. பி1 (பி என்ற நிரல், முதல் நிரை) போன்ற ஒரு செல்லில், அதாவது கட்டத்தில், ஒரே முறை எழுதிவிட்டு, சூத்திரத்தில் $பி$1 என்று குறிக்க வேண்டும். அந்த டாலருக்கும் அமெரிக்கக் காசுக்கும் சம்பந்தமில்லை. அது செல்லுக்குப் போடும் பூட்டு. பூட்டாமல் சூத்திரத்தைக் கீழே இழுத்தால் அது பி2, பி3 என்று நழுவி, வெற்றுச் செல்லைப் பெருக்கி, புலத்தைச் சுழியமாக்கிவிடும்.

அப்புறம், அளந்த விட்டத்தை ஆரமாக வைத்துவிடுவது ஆய்வகத்தில் அடிக்கடி நடக்கும். விகிதத்தின் சூத்திரத்தில் ஆரம் வகுக்கும் இடத்தில் வர்க்கமாக வருவதால் விடை நான்கில் ஒரு பங்காகிவிடும். காகிதத்தில் என்றால் அத்தனை வரியையும் மறுபடி போட வேண்டும். விரிதாளில் முதல் செல்லில் 2ஆல் வகுத்துக் கீழே இழுத்தால் போதும், வரைபடமும் கூடவே திருந்திவிடும்.

புலத்தையும் ஆரத்தையும் பெருக்கி வர்க்கமாக்கி கிடை அச்சிலும், மின்னழுத்தத்தின் இருமடங்கைச் செங்குத்து அச்சிலும் வைத்தால் புள்ளிகள் ஏறக்குறைய நேர்கோட்டில் விழும். கோட்டின் சாய்வுதான் விகிதம். ஏற்கப்பட்ட மதிப்பு கிலோகிராமுக்கு 1.759 × 10¹¹ கூலும். விரிதாளில் உள்ள ‘ஸ்லோப்’ என்ற சார்பு சாய்வை மட்டும் தரும். ‘லைன்எஸ்ட்’ என்ற சார்பு அதன் பிழையையும் சேர்த்துத் தரும். ஆய்வேட்டில் எழுத இரண்டும் வேண்டும்.